பல்துறைப் பிராந்திய ஆய்விதழில் கட்டுரை வெளியிடுதல்: பாக் விரிகுடா ஆய்வை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஓர் ஆய்வாளர் இராமேசுவரத்திலும் மன்னாரிலும் ஓராண்டு களப்பணி செய்துவிட்டுத் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். விசைப்படகு உரிமையாளர்களிடமும் நாட்டுப்படகு மீனவர்களிடமும் எடுத்த நேர்காணல்கள், கூட்டுறவுச் சங்கப் பதிவேடுகளின் நகல்கள், எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பார்த்த பழைய கோப்புகளின் குறிப்புகள், மீன்வளத் துறையின் புள்ளிவிவரங்கள், கடல் எல்லை ஒப்பந்தங்களின் வாசகங்கள் எல்லாம் அவரிடம் இருக்கின்றன. வரலாற்று இதழுக்கு அனுப்பினால் ஆவணச் சான்று போதாது என்பார்கள். மீன்வள அறிவியல் இதழுக்கு அனுப்பினால் நேர்காணலைத் தரவாக ஏற்கத் தயங்குவார்கள். சட்ட இதழுக்கோ இழுவைமடியும் (படகு கடலடியில் இழுத்துச் செல்லும் வலை) கரைவலையும் (கரையிலிருந்து இழுக்கும் வலை) வேண்டாத செய்திகள். ஒரு பகுதியின் நிலத்தையும் கடலையும் மக்களையும் மொழியையும் பல துறைகளின் வழியே ஒருசேர ஆராயும் பல்துறைப் பிராந்திய ஆய்விதழே இத்தகைய கட்டுரைக்கு உரிய இடம். அத்தகைய இதழில், குறிப்பாகத் தெற்காசிய ஆய்விதழ்களில், ஒரு கட்டுரையைத் திட்டமிடுவது முதல் அது அச்சேறிய பின் செய்ய வேண்டியவை வரை இங்கே விளக்குகிறேன். முதன்முறையாக ஆங்கில இதழுக்கு எழுதவிருக்கும் தமிழ் ஆய்வாளர்களை மனத்தில் வைத்தே எழுதுவதால், பாக் விரிகுடாவின் மீன்பிடியை இறுதிவரை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

யார் படிக்கப்போகிறார்கள் என்பதை முதலில் அறிதல்

பிராந்திய ஆய்வு என்ற கல்விப்புலம் இன்றைய உருவத்தைப் பெற்றது பனிப்போர்க் காலத்தில். 1957-இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதற்கு அடுத்த ஆண்டு அமெரிக்கா இயற்றிய தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தின் ஆறாம் பிரிவு, உலகின் பிற பகுதிகளின் மொழிகளையும் சமூகங்களையும் கற்பிக்கும் பல்கலைக்கழக மையங்களுக்கு நிதி அளித்தது. இந்தியாவுக்கு அனுப்பிய கோதுமைக்கு ரூபாயாகக் கிடைத்த தொகையைக் கொண்டு, பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவித் திட்டத்தின் கீழ் 1962 முதல் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழி நூல்கள் அமெரிக்க நூலகங்களுக்கு வாங்கி அனுப்பப்பட்டன. 1941-இல் ‘ஃபார் ஈஸ்டர்ன் குவார்ட்டர்லி’ என்ற பெயரில் தொடங்கிய இதழ் 1956-இல் ‘ஜர்னல் ஆஃப் ஏசியன் ஸ்டடீஸ்’ ஆனது. ‘மாடர்ன் ஏசியன் ஸ்டடீஸ்’ 1967-இலும், ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் ‘சவுத் ஏசியா’ 1971-இலும் தோன்றின.

இந்த வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இவ்விதழ்களின் வாசகர்கள் தொடக்கம் முதலே பல துறைகளையும் பல நாடுகளையும் சேர்ந்தவர்கள். உங்கள் கட்டுரையைப் படிக்கப்போகிறவர் இலாகூரின் கால்வாய்களை ஆராயும் வரலாற்றாசிரியராக இருக்கலாம்; நேபாள மலைக்கிராமங்களில் மேய்ச்சல் நிலத்தை ஆராயும் மானிடவியலாளராக இருக்கலாம். தங்கச்சிமடம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் பொதுவளம், எல்லை, அரசு, சாதி, தொழில்முறை ஆகியவை பற்றி அவருக்கு ஆழ்ந்த கேள்விகள் உண்டு. அந்தக் கேள்விகளுக்குள் உங்கள் கடலைக் கொண்டு நிறுத்துவதே இந்த வேலையின் சாரம். பிறகு சொல்லும் எல்லாப் படிகளும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

இடத்திலிருந்து வாதத்துக்கு நகர்தல்

திருப்பி அனுப்பப்படும் கட்டுரைகளில் மிகப் பெரும்பாலானவை மோசமான ஆங்கிலத்தால் திரும்புவதில்லை. வாதம் இல்லாததால் திரும்புகின்றன. ‘பாக் விரிகுடா மீனவர் பிரச்சினை: ஓர் ஆய்வு’ என்பது ஒரு தலைப்பு மட்டுமே. அதன் கீழ் கச்சத்தீவின் வரலாறு, 1974, 1976 இந்திய–இலங்கைக் கடல் எல்லை ஒப்பந்தங்கள், கைதுகளின் எண்ணிக்கை, பரிந்துரைகள் என்று வரிசையாக எழுதினால், அது நல்ல அறிக்கையாகலாம். ஆய்விதழ்க் கட்டுரை ஆகாது. இடத்தின் முக்கியத்துவம் நமக்கு வெளிப்படையாகத் தெரிவதாலேயே, அதை நிறுவ வேண்டிய பொறுப்பை நாம் மறந்துவிடுகிறோம். என்னுடைய முதல் கட்டுரையும் இந்தக் காரணத்தால்தான் திரும்பியது. மதிப்பாய்வாளர் ஒருவர், கட்டுரையில் தகவல்கள் நிறைய இருப்பதாகவும் எதை நிறுவ முயல்கிறேன் என்று மட்டும் விளங்கவில்லை என்றும் எழுதியிருந்தார். அவர் சொன்னது சரி என்று ஏற்கச் சில மாதங்கள் ஆயின.

வாதம் எப்படிப் பிறக்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பாக் விரிகுடாவின் தமிழ்நாட்டுக் கரையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுகளும் நான்கு நாள் நாட்டுப்படகுகளும் கடலுக்குப் போகும் முறை நெடுங்காலமாக இருந்து வருகிறது. அதாவது, ஒரே கடலை இரண்டு தொழில்முறைகளும் நாட்களால் பங்கிட்டுக்கொள்கின்றன. மறுபுறம், 1921-இல் சென்னை மாகாண அரசும் இலங்கை அரசும் நடத்திய பேச்சுவார்த்தையிலிருந்து 1974, 1976 ஒப்பந்தங்கள் வரை, அரசுகள் அதே கடலைக் கோட்டால் பிரித்தன. கடலை நாளால் பங்கிடும் வழக்கமும் கோட்டால் பிரிக்கும் சட்டமும் ஒன்றையொன்று எதிர்கொள்ளும்போது என்ன நேர்கிறது? இலங்கையில் போர் நடந்த காலத்தில் வடபகுதி மீனவர்கள் கடலுக்குள் போகத் தடைகள் இருந்தன. 2009-க்குப் பின் அவர்கள் மீண்டும் வலை விரித்தார்கள். 2017-இல் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. மாறிவந்த இந்தக் காலங்களில் யாருக்கு எந்த நாட்கள் உரியவையாக இருந்தன என்று கேட்டால், பழகிப்போன ‘எல்லை தாண்டிய மீனவர்’ என்ற செய்தித்தாள் சட்டகத்திலிருந்து கட்டுரை விடுபட்டு நிற்கும். பஞ்சாபின் கால்வாய்ப் பாசனத்தில் வாரபந்தி எனப்படும் நீர்முறை இருக்கிறது. ஒவ்வொரு வயலுக்கும் இத்தனை நேரம் தண்ணீர் என்று காலத்தால் பங்கிடும் முறை அது. அதை ஆராய்கிறவர் உங்கள் கட்டுரையைக் கையிலெடுப்பது இந்த இடத்தில்தான்.

ஆகவே, எழுதத் தொடங்குமுன் ஒரு தாளில் மூன்று வாக்கியங்களை எழுதிப் பாருங்கள். இதுவரை இப்பொருள் பற்றி அறிஞர்கள் என்ன கருதி வந்தார்கள் என்பது முதல் வாக்கியம். என் சான்றுகள் அதில் எதை மாற்றுகின்றன என்பது இரண்டாவது. அந்த மாற்றம் பாக் விரிகுடாவுக்கு வெளியே யாருக்குப் பொருள்படும் என்பது மூன்றாவது. மூன்றாம் வாக்கியம் வராவிட்டால் கட்டுரை இன்னும் தயாராகவில்லை. முனைவர் பட்ட ஆய்வேட்டின் ஓர் இயலை அப்படியே வெட்டி அனுப்புகிறவர்களுக்கு இந்தப் பயிற்சி மிகவும் தேவை. இயல் என்பது முந்தைய இயலின் மீது சாய்ந்து நிற்பது, கட்டுரையோ தனியே நிற்க வேண்டியது.

இதழைத் தேர்ந்தெடுத்தல்

கட்டுரையை முடித்த பிறகு இதழைத் தேடுவதைவிட, வாதம் உருவாகும்போதே இரண்டு மூன்று இதழ்களை மனத்தில் கொள்வது நல்லது. அவற்றின் கடைசி மூன்று ஆண்டுகளின் பொருளடக்கத்தைப் படியுங்கள். உங்கள் மேற்கோள் பட்டியலில் எந்த இதழின் கட்டுரைகள் மிகுதியாக வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். அந்த இதழே பெரும்பாலும் உங்களுக்கு உரியது.

பொதுவான தன்மைகளைச் சொல்லலாம். ‘மாடர்ன் ஏசியன் ஸ்டடீஸ்’ வரலாற்றுச் சாய்வும் நீண்ட கட்டுரைகளும் கொண்டது. 1963-இல் தொடங்கிய ‘இந்தியன் எகனாமிக் அண்ட் சோஷியல் ஹிஸ்டரி ரிவ்யூ’ ஆவணச் சான்றில் கண்டிப்பானது. நம் எடுத்துக்காட்டில் 1921 பேச்சுவார்த்தையின் கோப்புகளே மையம் என்றால் அங்கே போகலாம். 1957-இல் தொடங்கிய ‘கான்ட்ரிபியூஷன்ஸ் டு இந்தியன் சோசியாலஜி’ களப்பணி சார்ந்த சமூகவியலுக்கும் மானிடவியலுக்கும் உரியது. 2007 முதல் இணையத்தில் வரும் ‘சவுத் ஏசியா மல்டிடிசிப்ளினரி அகாடமிக் ஜர்னல்’, சுருக்கமாக சாமாஜ், பெயருக்கேற்பப் பல்துறை இதழ். ஒரு பொருளை மையமாகக் கொண்ட சிறப்பிதழ்களை மிகுதியாக வெளியிடுகிறது, படிப்பவரிடமும் எழுதுபவரிடமும் கட்டணம் கேட்பதில்லை. நடப்புக் கொள்கையோடு நேரடியாக உரையாடும் கட்டுரைக்கு ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ பொருந்தும்; 1966 முதல் அது கல்வியுலகத்துக்கு வெளியேயும் படிக்கப்படுகிறது.

சிறப்பிதழ் என்னும் வழியைப் புதியவர்கள் புறக்கணிக்கக் கூடாது. கடலோரம், எல்லை, பொதுவளம் போன்ற பொருள்களில் கட்டுரைச் சுருக்கம் கேட்டு அழைப்புகள் வரும்போது, அழைப்பாசிரியர்கள் ஏற்கெனவே அப்பொருளில் அக்கறை கொண்டவர்களாக இருப்பதால், அவர்களுடைய கருத்துரைகள் வழக்கமான மதிப்பாய்வைவிட நெருக்கமாக அமையும். அமெரிக்காவின் மேடிசன் நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் தெற்காசிய மாநாடு போன்ற கூடுகைகளின் அமர்வுகளிலிருந்தே பல சிறப்பிதழ்கள் உருவாகின்றன.

ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்புவது ஆய்வு நெறிக்கு முரணானது. எளிமையாகத் தோன்றும் இந்த விதியை மீறிப் பெயரைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

போலி இதழ்களை இனங்காணுதல்

இந்தியாவில் பதவி உயர்வுக்கும் பட்டத்துக்கும் கட்டுரை எண்ணிக்கை கேட்கப்பட்டதால் வளர்ந்த வணிகம் இது. பணத்தைப் பெற்றுக்கொண்டு, மதிப்பாய்வு செய்ததுபோல் காட்டி, ஓரிரு வாரங்களில் கட்டுரையை வெளியிட்டுவிடுவார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்த, ஏற்கத்தக்க இதழ்களின் கேர் பட்டியல் ஒரு வடிகட்டியாக இருந்தது; 2025 பிப்ரவரியில் அதைக் குழு கைவிட்டு, இதழ்களை மதிப்பிடும் பொறுப்பை நிறுவனங்களிடமே விட்டுவிட்டது. இனி ஆய்வாளர் தாமே சரிபார்த்தாக வேண்டும். 2022 நவம்பரில் வந்த குழுவின் முனைவர் பட்ட விதிமுறைகள், ஆய்வேடு ஒப்படைக்குமுன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கிவிட்டன என்பதையும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் சொந்த விதி என்ன சொல்கிறது என்று கேட்டறிந்த பிறகே அவசரப்பட வேண்டுமா என்று முடிவு செய்யலாம்.

ஐ.எஸ்.எஸ்.என். எண் இருப்பது தரத்துக்குச் சான்று ஆகாது. அது ஓர் இதழை அடையாளம் காட்டும் எண் மட்டுமே. ஸ்கோபஸிலும் வெப் ஆஃப் சயின்ஸிலும் உள்ளதாகச் சொன்னால், அவர்கள் தரும் இணைப்பை நம்பாமல், அந்தத் தரவுத்தளங்களுக்கு நேரடியாகச் சென்று தேடிப் பாருங்கள். கட்டணமில்லாத் திறந்த அணுக்க இதழ் என்றால் 2003 முதல் இயங்கும் டிஓஏஜே என்னும் திறந்த அணுக்க இதழ்க் கோப்பகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மதிப்புள்ள பழைய இதழ்களின் பெயரையும் தோற்றத்தையும் களவாடி நடத்தப்படும் இணையத்தளங்களும் உள்ளன. ஆகவே முகவரியைப் பதிப்பகத்தின் முதன்மைத் தளத்திலிருந்து எடுங்கள். ஆசிரியர் குழுவில் உள்ள பேராசிரியரின் சொந்தப் பக்கத்தில் அவர் அந்த இதழைக் குறிப்பிடுகிறாரா என்று பார்ப்பது பத்து நிமிட வேலை. பல ஆண்டு வருத்தத்தைத் தடுக்கும். உங்கள் கட்டுரையைப் புகழ்ந்து, நீங்கள் கேளாமலே அழைப்பு வந்தால், அதற்கு மறுமொழி அனுப்ப வேண்டியதில்லை.

களத்தின் நெறி

மனிதர்களை நேர்காணும் ஆய்வுக்கு நிறுவன நெறிக்குழுவின் ஒப்புதலைக் களப்பணிக்கு முன்பே பெற வேண்டும். முடித்த பிறகு பெற இயலாது. இதழ்கள் ஒப்புதல் எண்ணைக் கேட்கின்றன. எனினும் படிவத்தில் அடங்காத பொறுப்புதான் பெரிது. எல்லை தாண்டிச் சென்றதாக ஒரு மீனவர் உங்களிடம் சொல்வது, அவர்மீது வழக்குத் தொடுக்கப் போதுமான வாக்குமூலமாக மாறக்கூடும். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. சிறிய இறங்குதுறையில் படகின் நீளம், கைதான ஆண்டு, மகன் எந்த நாட்டில் வேலை செய்கிறான் என்ற மூன்று தகவல்கள் சேர்ந்தாலே ஊரார் அவரை அறிந்துகொள்வார்கள். எனவே ஊரைப் பொதுவாகச் சொல்லுங்கள், ஆண்டைத் தளர்த்துங்கள், தேவைப்பட்டால் ஒருவரின் அனுபவத்தை இருவருடையதாகப் பிரித்து எழுதுங்கள். அவ்வாறு செய்ததைக் கட்டுரையிலேயே தெரிவியுங்கள். தரவைப் பொதுவெளியில் பகிரும்படி இதழ் கேட்டால், நேர்காணல் பதிவுகளைத் தர இயலாததற்கான காரணத்தை இரண்டு வரிகளில் எழுதினால் போதும். பொறுப்புள்ள ஆசிரியர்கள் ஏற்றுக்கொள்வார்கள்.

தமிழ்ச் சான்றுகளை ஆங்கிலக் கட்டுரைக்குள் கொண்டுவருதல்

தமிழ் அறிந்த ஆய்வாளரின் வலிமை இந்த இடத்தில்தான் இருக்கிறது. அதைத் தாமே மறைத்துவிடுகிறவர்களும் நம்மில் பலர். தமிழ் நாளிதழ்ச் செய்தி, சங்கத் தீர்மானம், கோயில் கணக்கு, மீனவரின் வாய்மொழி ஆகியவற்றைச் சுருக்கி ஒரே ஆங்கில வாக்கியத்தில் சொல்லிவிட்டு, ஏற்கெனவே ஆங்கிலத்தில் வந்த நூல்களை மட்டும் மேற்கோள் காட்டுகிறார்கள். அப்படிச் செய்தால், உங்களிடம் மட்டுமே இருந்த சான்றை வாசகர் காண முடியாது. மதிப்பாய்வாளர் புதிது ஒன்றுமில்லை என்பார்.

சான்றுகள் எங்கே கிடைக்கும் என்பதில் தொடங்குவோம். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களும் இதழ்களும் 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தால் பெறப்பட்டு, சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இயங்குகின்றன. 1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், சுவடிகள், நிழற்படங்கள், சூழலியல் வரைபடங்கள் ஆகியவற்றுக்குப் பயன்படும். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-இல் எரிக்கப்பட்டதன் இழப்பை எதுவும் ஈடுசெய்யாது என்றாலும், 2005 முதல் செயல்படும் நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்து இதழ்களும் மலர்களும் பெருமளவில் வாசிக்கக் கிடைக்கின்றன. மன்னார்ப் பக்கத்துக் குரலைத் தேடுகிறவர் அங்கே தொடங்கலாம்.

அடுத்து ஒலிபெயர்ப்பு, அதாவது தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் எழுதுதல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தபோது பின்பற்றிய முறை, தமிழியல் உலகில் இன்றும் பொது வழக்காக இருக்கிறது. அதில் ழகரம் அடிக்கோடிட்ட எல் ஆகவும், ளகரம் அடிப்புள்ளியிட்ட எல் ஆகவும் எழுதப்படும். பல தெற்காசிய மொழிகளை ஒருங்கே கையாளும் இதழ்கள் ஐ.எஸ்.ஓ. 15919 என்ற 2001-ஆம் ஆண்டுத் தரத்தைக் கேட்கலாம். எதைக் கொண்டாலும் முதல் அடிக்குறிப்பில் அறிவித்துவிட்டு இறுதிவரை மாறாமல் பின்பற்றுங்கள். ஊர்ப்பெயர்களுக்கும் இன்று வாழும் மனிதர்களின் பெயர்களுக்கும் வழக்கிலுள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலே நல்லது.

எந்தச் சொல்லை மொழிபெயர்ப்பது, எதை அப்படியே நிறுத்துவது என்பது நடையைப் பொறுத்த சிக்கல் அன்று. அது ஆய்வு முடிவு. சம்மாட்டி என்பதை ‘உரிமையாளர்’ என்று மட்டும் மாற்றினால், அவருக்கும் கடலுக்குப் போகிறவருக்கும் இடையே முன்பணத்தால் ஏற்படும் பிணைப்பு மறைந்துவிடும். வாடி என்பதைக் ‘குடில்’ என்றால் பருவந்தோறும் இடம்பெயர்ந்து தங்கித் தொழில் செய்யும் ஏற்பாடு விடுபட்டுப்போகும். கச்சான், சோழகம், கொண்டல், வாடை என்ற காற்றுப் பெயர்கள் திசையோடு பருவத்தையும், எந்த வலையை எடுக்கலாம் என்ற தீர்மானத்தையும் சுமப்பவை. நாளால் கடலைப் பங்கிடும் முறை பற்றிய கட்டுரையில் அவற்றை மேற்கு, தெற்கு என்று சுருக்குவது சான்றையே இழப்பதாகும். வாதத்தைத் தாங்கும் நான்கைந்து சொற்களைத் தமிழிலேயே நிறுத்தி, முதலில் வரும் இடத்தில் ஒரு முழு வாக்கியத்தால் விளக்குங்கள். மற்றவற்றை மொழிபெயர்த்துவிடுங்கள், எல்லாவற்றையும் சாய்வெழுத்தில் நிறுத்தினால் வாசகர் களைத்துப்போவார்.

நேர்காணல் மேற்கோளை நீங்களே மொழிபெயர்த்ததாகக் குறிப்பிட்டு, முக்கியமான இடங்களில் மூலத்தை அடிக்குறிப்பில் கொடுங்கள். மேற்கோள் பட்டியலில் தமிழ் நூலின் தலைப்பை ஒலிபெயர்த்துப் பக்கத்தில் ஆங்கிலப் பொருளையும் தருவது வழக்கம். பழைய இதழ்களில் தமிழ் ஆண்டுப் பெயரும் மாதமும் மட்டும் இருந்தால் ஆங்கில நாளையும் கணக்கிட்டுச் சேருங்கள்.

தமிழர் பெயர் என்னும் சிக்கலுக்குத் தனியே ஒரு சொல். நம் பெயருக்கு முன் நிற்பது பெரும்பாலும் தந்தை அல்லது தாய் பெயரின் முதலெழுத்து. குடும்பப் பெயர் அன்று. இதழ்களின் மென்பொருளோ குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும். ஒருமுறை முதலெழுத்தை விரித்து அந்தக் கட்டத்தில் இட்டால், மேற்கோள்களில் நீங்கள் காலமெல்லாம் உங்கள் தந்தையின் பெயரால் அறியப்படுவீர்கள். அடுத்த கட்டுரையில் வேறுவிதமாக இட்டால், தரவுத்தளத்தில் இருவராகப் பிரிந்துவிடுவீர்கள். முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தை உறுதிசெய்து, ஆய்வாளரை அடையாளம் காட்ட 2012 முதல் வழங்கப்படும் ஆர்கிட் எண்ணைப் பெற்று, எல்லா இடங்களிலும் அதையே பயன்படுத்துங்கள். பிற தமிழ் ஆசிரியர்களை மேற்கோள் காட்டும்போதும் அவர்களின் இயற்பெயரைக் கொண்டே அகரவரிசைப்படுத்துங்கள். பதிப்பகத்தின் மெய்ப்புத் திருத்துநர் மாற்றினால் மீண்டும் திருத்தச் சொல்லுங்கள்.

கையெழுத்துப்படியைத் தயாரித்து அனுப்புதல்

பெரும்பாலான இதழ்கள் அடிக்குறிப்புகள் உட்பட 8,000 முதல் 10,000 சொற்கள் வரை ஏற்கின்றன. உரிய இதழின் வழிகாட்டுதலைப் பாருங்கள். முதல் இரண்டு பக்கங்களுக்குள் கேள்வி, வாதம், சான்றுகளின் தன்மை மூன்றும் வந்துவிட வேண்டும். சுருக்கவுரையைக் கடைசியில் எழுதுங்கள். பின்னணிக்கு ஒரு வாக்கியமும் கண்டறிந்தவற்றுக்கு மூன்று வாக்கியங்களும் என்ற விகிதம் பொருந்தும்.

பல்துறைக் கட்டுரையில் முறையியல் பகுதிக்குக் கூடுதல் கவனம் தேவை. பிடித்த மீனின் எடை பற்றிய அரசுப் புள்ளிவிவரம் எவ்வாறு திரட்டப்படுகிறது, அதில் எவை பதிவாவதில்லை என்று சொல்லாமல், அதை நேர்காணலின் பக்கத்தில் வைக்கக் கூடாது. ஒரு துறையின் சான்றை மற்றத் துறையின் சான்றுக்கு வெறும் அலங்காரமாக வைத்தால், இரண்டு துறையினரும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மதிப்பாய்வு இருபுறமும் பெயர் மறைத்து நடப்பதால், கோப்பின் பண்புகளில் உள்ள உங்கள் பெயரை நீக்குங்கள். ‘நான் முன்பு காட்டியதுபோல’ என்ற தொடர்களை மாற்றுங்கள். நன்றியுரையைத் தனிக் கோப்பில் வையுங்கள். ஆசிரியருக்கான கடிதம் அரைப்பக்கத்துக்கு மேல் வேண்டாம். செயற்கை நுண்ணறிவுக் கருவியை மொழித்திருத்தத்துக்குப் பயன்படுத்தியிருந்தால் இதழின் விதிப்படி தெரிவியுங்கள். அத்தகைய கருவியை ஆசிரியராகக் குறிப்பிடக் கூடாது என்று வெளியீட்டு நெறிக்குழுவான கோப் 2023-இல் தெளிவுபடுத்தியுள்ளது. நிழற்படங்களுக்கு உரிமை பெறுங்கள். பதிப்புரிமை இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகளும் இலங்கையில் 70 ஆண்டுகளும் நீடிக்கும் என்பதால், இருகரைச் சான்றுகளையும் பயன்படுத்துகிறவர் இரண்டையும் தனித்தனியே கணக்கிட வேண்டும். கடல் எல்லையைக் காட்டும் வரைபடத்தில் ஒவ்வொரு கோட்டுக்கும் எந்த ஒப்பந்தம் ஆதாரம் என்பதைப் படத்தின் கீழேயே எழுதுங்கள்.

மதிப்பாய்வுக்கு மறுமொழி எழுதுதல்

சில வாரங்களிலேயே மறுப்பு வந்தால், அது பெரும்பாலும் ஆசிரியரின் மேசையிலேயே எடுத்த முடிவு; கட்டுரை இதழுக்குப் பொருந்தவில்லை என்பதே பொருள். வேறு இதழுக்கு அனுப்பிவிடலாம். மதிப்பாய்வுக்குப் போனால் மூன்று முதல் ஆறு மாதம் ஆகும்; நான்கு மாதம் கடந்தபின் பணிவான நினைவூட்டல் ஒன்று அனுப்புவதில் தவறில்லை. ‘பெரிய திருத்தங்கள்’ என்ற முடிவு வந்தால் மனம் தளர வேண்டாம். பிராந்திய ஆய்விதழ்களில் முதல் சுற்றில் கிடைக்கக்கூடிய நல்ல முடிவு அதுவே. பல நல்ல ஆய்வாளர்கள், குறிப்பாக முதல் தலைமுறைப் பட்டதாரிகள், இந்தக் கடிதத்தை மறுப்பு என்று எண்ணிக் கட்டுரையைக் கைவிட்டதை அறிவேன். அந்த இழப்பு என்னை இன்றும் வருத்துகிறது.

பல்துறை இதழின் சிறப்புச் சிக்கல், மதிப்பாய்வாளர்கள் வெவ்வேறு துறையினராக இருப்பது. வரலாற்றாசிரியர் 1921-க்கு முந்தைய கோப்புகளைக் கேட்பார். மானிடவியலாளர் ஆவணப் பகுதியைக் குறைத்து ஒரு சம்மாட்டியின் ஒரு பருவத்தை விரிவாக எழுதச் சொல்வார். சூழலியலாளர் இழுவைமடியால் கடலடிக்கு நேரும் சேதத்துக்கு அளவீடு கேட்பார். மூவரையும் நிறைவுசெய்ய முயன்றால் கட்டுரை உருக்குலையும். ஆசிரியரின் கடிதத்தை மீண்டும் படியுங்கள். எந்தக் கருத்துக்கு அவர் அழுத்தம் தருகிறார் என்பது அதில் இருக்கும். இல்லையென்றால், நீங்கள் எந்தத் திசையில் திருத்தப்போகிறீர்கள் என்பதை எழுதி அவருடைய கருத்தைக் கேளுங்கள்.

கடிதம் வந்த நாளிலேயே மறுமொழி எழுதாதீர்கள். ஒரு வாரம் கழித்து ஒவ்வொரு கருத்தையும் தனித்தனியே படியெடுத்து, அதன்கீழ் என்ன செய்தீர்கள், எந்தப் பக்கத்தில் என்று எழுதுங்கள். உடன்படாத இடத்தில் சான்றைக் காட்டி மறுக்கலாம். காட்டாக, மூன்று நாள் நான்கு நாள் முறை அரசாணையால் மட்டும் வந்தது என்று மதிப்பாய்வாளர் கருதினால், ‘இந்த ஏற்பாட்டுக்கு அரசின் பங்கு உண்டு என்பதை ஏற்று இன்ன பக்கத்தில் சேர்த்துள்ளேன், எனினும் சங்கப் பதிவேடுகளும் இரண்டு நேர்காணல்களும் மீனவர்களுக்கிடையே நடந்த பேச்சைக் காட்டுவதால், என் வாதத்தை மாற்றவில்லை’ என்ற அளவில் எழுதுங்கள். அவர் தவறாகப் புரிந்துகொண்டார் என்று எழுதுவதைவிட, அந்த இடத்தை இன்னும் தெளிவாக எழுதியிருக்கிறேன் என்பது பயன் தரும். பெரும்பாலும் உண்மையும் அதுவே. உங்கள் ஊரை அறியாதவர் ஏதேனும் பிழையாகச் சொல்லும்போது எழும் சினம் இயல்பானது. அந்தப் பிழை உங்கள் எழுத்தில் எந்த இடைவெளியால் நேர்ந்தது என்று தேடினால் கட்டுரை வலுப்பெறும்.

ஏற்புக்குப் பின்

ஒப்பந்தத்தை முழுவதும் படியுங்கள். சந்தா முறை இதழ்கள் திறந்த அணுக்கத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் கேட்கலாம், அது கட்டாயமன்று. கட்டணம் தராமலேயே, மதிப்பாய்வு முடிந்து ஏற்கப்பட்ட உங்கள் இறுதிப் படியைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் வைக்கப் பெரும்பாலான பதிப்பகங்கள் இசைகின்றன; எந்த இதழ் எத்தனை மாதம் காத்திருக்கச் சொல்கிறது என்பதை ஓப்பன் பாலிசி ஃபைண்டர் (முன்னர் ஷெர்பா ரோமியோ) தளத்தில் பார்க்கலாம். 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம், 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களை இந்திய அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துள்ளது. ஆனால் தனியார் கல்லூரி ஆசிரியருக்கும், மன்னாரில் இருக்கும் ஆய்வாளருக்கும், உங்களிடம் பேசிய மீனவரின் மகளுக்கும் அது உதவாது. களஞ்சியப் படி அவர்களுக்காகவே தேவைப்படுகிறது.

மெய்ப்பு வரும்போது ஒலிபெயர்ப்புக் குறிகளையும் தமிழ்ப் பெயர்களின் வரிசையையும் சொல் சொல்லாகப் பாருங்கள். எழுத்துரு மாறும்போது புள்ளிகளும் கோடுகளும் உதிர்வது வழக்கம். வழக்கமாக நாற்பத்தெட்டு மணி நேரமே தருவார்கள்.

கடைசியாக, ஒப்பந்தத்தில் மொழிபெயர்ப்பு உரிமை யாரிடம் இருக்கிறது என்று பார்த்து, தமிழ் வடிவத்துக்கான அனுமதியைக் கையெழுத்திடும்போதே கேட்டுப் பெறுங்கள். பின்னர் கேட்பது கடினம், முன்கூட்டிக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். பிறகு பத்துப் பன்னிரண்டு பக்கத் தமிழ் வடிவம் ஒன்றை எழுதி, பதிவேடுகளைத் திறந்து காட்டிய சங்க அலுவலகத்துக்கும், நேர்காணல் தந்தவர்களுக்கும், இரு கரை நூலகங்களுக்கும் அனுப்புங்கள். அச்சிட்ட படியை நேரில் கொண்டுபோய்க் கொடுக்க முடிந்தால் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15-க்கும் ஜூன் 14-க்கும் இடையில் போங்கள். விசைப்படகுக்காரர்கள் கரையில் வலை பழுதுபார்த்துக்கொண்டிருப்பார்கள். கட்டுரையில் எந்த இடம் சரியில்லை என்று சொல்ல அப்போது அவர்களுக்கு நேரம் இருக்கும்.